பச்சைப்புல் தின்னும் கிடேரிக்குப் புரதத் தீவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோ 4, கோ 5 போன்ற கம்பு நேப்பியர் புல்லை நம்பிக் கலப்பினக் கிடேரி (இன்னும் கன்று ஈனாத இளம்பசு) வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான்கு மாதக் கன்று முதல் சினைக் கிடேரி வரை பொருந்தும். பால் குடிக்கும் இளங்கன்றின் கதை வேறு, அதைத் தொடவில்லை. கணக்குகள் ஜெர்சி கலப்பினத்தை மனத்தில் வைத்துப் போட்டவை. எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் என்றால் எடையையும் தீவனத்தையும் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வயிறு நிறையப் பச்சைப்புல் போடுகிறேன். அதற்குமேல் பிண்ணாக்கு எதற்கு?

வயிறு நிறைவது ஒன்று, உடம்பு வளர்வது இன்னொன்று. வெட்டிப் போடும் கோ 4 புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பத்துக் கிலோ புல்லைச் சுமந்து வந்து காடியில் (தீவனத் தொட்டியில்) கொட்டினால், அதில் கிடேரிக்குக் கிடைக்கும் காய்ந்த பொருள் இரண்டு கிலோதான். அதில் புரதம் 9 சதவீதம் என்று வைத்தால் 180 கிராம்.

150 கிலோ எடையுள்ள கிடேரி நாளொன்றுக்கு அரைக் கிலோ எடை ஏற வேண்டுமானால், சுமார் 540 கிராம் புரதம் தேவை. புல்லிலேயே அதை எடுக்க வேண்டுமென்றால் 30 கிலோ தின்ன வேண்டும். அது ஆறு கிலோ காய்ந்த பொருளுக்குச் சமம். 150 கிலோ கிடேரியின் வயிறு நாலேகால், நாலரைக் கிலோவுக்குமேல் பிடிக்காது. மீதியை அது தின்னாது. நீங்கள் வாரித்தான் கொட்ட வேண்டும்.

கோ 4-இல் 10 சதவீதத்துக்கு மேல், கோ 5-இல் 14 சதவீதம் வரை புரதம் உண்டு என்கிறார்களே?

உண்டு, உரிய நாளில் வெட்டினால். கோ 4 ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்டது. கோ 5 அதற்குப் பின் 2012-இல் வந்தது. முதல் வெட்டு நட்ட 75, 80 நாளில். அடுத்தடுத்த வெட்டு 45 நாளுக்கு ஒருமுறை. துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கும் சதவீதம் அந்தக் கணக்குக்கு உரியது. 80 நாள் விட்டுவிட்டு, ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்த புல்லை வெட்டிக்கொண்டு அந்த எண்ணை நம்பக் கூடாது.

நம்மில் பலருக்குப் புல் உயரமாக நின்றால் ஒரு திருப்தி. எனக்கும் இருந்தது. ஒரு வருடம் வெட்ட ஆள் கிடைக்காமல் வயல் முற்றிப்போனது. புல் நிறைய இருக்கிறதே என்று பிண்ணாக்கையும் குறைத்துவிட்டேன். இரண்டு கிடேரிகள் 15 மாதத்தில் 150 கிலோவைத் தாண்டவில்லை. எலும்பு துருத்தவில்லை, வயிறு மட்டும் பானைபோல இருந்தது, மயிர் சிலிர்த்து மங்கிக் கிடந்தது. பார்த்தவர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அந்தப் பானை வயிறு புரதக் குறையின் அடையாளம் என்று எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது.

புல் முற்றியதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். தண்டின் நடுவில் பிடித்து வளையுங்கள். சட்டென்று முறிந்து சாறு கசிந்தால் நல்ல பருவம். முறியாமல் நார் நாராக வளைந்து தொங்கினால் தாண்டிவிட்டது. இன்னொரு சோதனை காடியில் இருக்கிறது. காலையில் காடியில் மிஞ்சியதைப் பாருங்கள். இலை முழுவதும் காணாமல் போய், விரல் பருமன் தண்டுகள் மட்டும் கிடந்தால், உங்கள் கிடேரி உங்களைவிடத் தெளிவாகப் புரதக் கணக்குப் போட்டிருக்கிறது. இலையில் இருக்கும் புரதம் தண்டில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மிச்சம் கிடந்ததை எடைபோட்டுக் கழித்துவிட்டு, தின்றதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மழைக்காலத்தில் இளம்புல் போடுகிறேன். சாணம் தண்ணீராகப் போகிறது. புரதம் போதவில்லையா?

பெரும்பாலும் நேர்மாறு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பணத்தைச் சாணத்தோடும் மூத்திரத்தோடும் கழுவி விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாடு தின்பது நேராக மாட்டுக்குப் போவதில்லை. ரூமன் என்று மருத்துவர்கள் சொல்லும் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. புல்லின் புரதத்தை அவை முதலில் அம்மோனியாவாக உடைக்கும். பிறகு அந்த அம்மோனியாவைக் கொண்டு தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளும். அந்த நுண்ணுயிரிகள் கீழே இறங்கிச் செரிக்கும்போதுதான் கிடேரிக்குப் புரதம் கிடைக்கிறது. ஆக, நாம் வளர்ப்பது முதலில் நுண்ணுயிரிகளை. அவை கிடேரியை வளர்க்கின்றன.

உடம்பு கட்ட அம்மோனியா மட்டும் போதாது, எரிசக்தியும் வேண்டும். செங்கல் வந்து இறங்கிவிட்டது, கொத்தனாருக்குச் சோறு இல்லை என்றால் சுவர் எழும்புமா? ஐப்பசி, கார்த்திகையில் 30 நாள்கூட ஆகாத இளம்புல்லில் புரதம் அதிகம். அது வேகமாகவும் உடைகிறது. மாவுச்சத்து குறைவு. மிஞ்சும் அம்மோனியா இரத்தத்தில் ஏறுகிறது. ஈரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளுகிறது. அந்த வேலைக்கே கிடேரி தன் சக்தியைச் செலவிடுகிறது. தொழுவத்தில் காலையில் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால், உங்கள் பிண்ணாக்குப் பணம் ஆவியாகிறது என்று பொருள்.

இப்போது செய்ய வேண்டியது: பிண்ணாக்கைப் பாதியாகக் குறையுங்கள். அந்த இடத்தில் இடித்த மக்காச்சோளமோ கம்போ ராகியோ அரைக் கிலோ சேருங்கள். புல்லுக்கு முன் அரைக் கிலோ, முக்கால் கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டு போடுங்கள். வெட்டிய புல்லை உடனே போடாமல் இரண்டு மணி நேரம் வாடவிடுங்கள். பெரும்பாலும் நாலைந்து நாளில் சாணம் கெட்டிப்படும். படவில்லை என்றால் புழுவோ நோயோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

முற்றிய கோடைப் புல்லுக்கு இதே கதை தலைகீழ். அங்கே நார் இருக்கிறது, உடைக்க வேண்டிய நுண்ணுயிரிக்கு உணவு இல்லை. சாணம் காய்ந்து, அடுக்கடுக்காக, நாரோடு விழும். அப்போது பிண்ணாக்கைக் கூட்டினால் கிடேரி புல்லையே அதிகம் தின்னத் தொடங்கும். ஆகவே "ஒரு கிடேரிக்கு எவ்வளவு பிண்ணாக்கு?" என்று யாராவது கேட்டால் "என்ன புல், எத்தனை நாள் புல்?" என்று நான் திருப்பிக் கேட்பது விதண்டாவாதத்துக்கு அல்ல.

எந்த வயதில் எவ்வளவு புரதம்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

தின்னும் மொத்தக் காய்ந்த பொருளில், மூன்று முதல் ஆறு மாதம் வரை 16 சதவீதம், அதன்பின் ஒரு வயது வரை 12 முதல் 14, அதற்குமேல் 12 என்று வைத்துக்கொள்ளலாம். வயது ஏற ஏறச் சதவீதம் குறையும். தின்னும் அளவு கூடுவதால் கிராமில் குறையாது. நம் ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். நாலு மாதக் கன்றுக்கு "சின்னதுதானே" என்று புல்லை மட்டும் போட்டுவிட்டு, சினைபிடித்த பிறகு பிண்ணாக்கை அள்ளி வைக்கிறோம்.

150 கிலோ கிடேரிக்கு ஒரு நாள் தீவனம், 45 நாள் கோ 4 புல் கையில் இருக்கும்போது:

கோ 4 புல் 12 கிலோ: காய்ந்த பொருள் 2.4 கிலோ, புரதம் சுமார் 215 கிராம்.
வைக்கோல் அரைக் கிலோ: புரதம் 16 கிராம், அதாவது பெயருக்கு.
வேலிமசால் (பயறுவகைத் தீவனப் பயிர்) 2 கிலோ: சுமார் 105 கிராம்.
20 சதவீதப் புரதமுள்ள அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) 1 கிலோ: 200 கிராம்.

கூட்டினால் 536 கிராம். காய்ந்த பொருள் 4.3 கிலோ. வயிற்றிலும் அடங்கும், தேவையும் தீரும். வேலிமசால் இல்லாதவர்கள் அதற்குப் பதிலாகக் கால் கிலோ கடலைப் பிண்ணாக்கை வைக்கலாம். புல் முற்றிவிட்டால் அதன் புரதம் 6 சதவீதத்துக்கு இறங்கும். அப்போது இந்தப் புல் 145 கிராம்தான் தரும். 70 கிராம் துண்டு விழும். அந்தத் துண்டுக்கு மேலும் 170 கிராம் கடலைப் பிண்ணாக்கு தேவை. எண்களைப் பாடம் பண்ண வேண்டாம்; கூட்டுவதும் கழிப்பதும் எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

எடைமேடை இல்லை. கிடேரியின் எடையை எப்படி அறிவது?

தையற்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளவெடுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து வாலருகே துருத்தும் புட்ட எலும்பு வரை நீளம் எடுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும்.

சுற்றளவு 48 அங்குலம், நீளம் 42 என்றால் 147 கிலோ. ஒரு மாதம் கழித்து 50-உம் 43-உம் வந்தால் 163. முப்பது நாளில் 16 கிலோ, நாளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். நன்றாக வளர்கிறது. கிடேரி நான்கு காலிலும் சமமாக, தலையை நேராக வைத்து நிற்கும்போது எடுக்க வேண்டும். காலையில் தீவனத்துக்கு முன் எடுத்தால், எல்லா மாதமும் காலையிலேயே எடுங்கள். தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதிவைத்தாலும் சரி, எழுதாமல் விடாதீர்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சியும் தெரியாது, தேக்கமும் தெரியாது.

எந்தப் பிண்ணாக்கு நல்லது?

பையில் எழுதிய பெயரைவிட, நூறு கிராம் புரதம் என்ன விலைக்கு விழுகிறது என்று பாருங்கள். கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 முதல் 45 சதவீதம். சோயாவில் 44, 46. எள்ளுப் பிண்ணாக்கில் 35-க்குமேல். தேங்காய்ப் பிண்ணாக்கில் 20, 22. தோல் நீக்காத பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் ஏறக்குறைய அதே. கோதுமைத் தவிடு 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு மட்டும் ஒரு விலை வைத்துக்கொள்வோம். கடலைப் பிண்ணாக்கு கிலோ 50 ரூபாய், தேங்காய்ப் பிண்ணாக்கு 36 ரூபாய். கையில் எடுக்கும்போது தேங்காய்ப் பிண்ணாக்கு மலிவாகத் தெரிகிறது. நூறு கிராம் புரதத்துக்குக் கணக்குப் போட்டால் கடலை 12 ரூபாய், தேங்காய் 17 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஆனால் தேங்காய்ப் பிண்ணாக்கை அத்தோடு தள்ளிவிடாதீர்கள். கடலைப் பிண்ணாக்கின் புரதம் பெருவயிற்றில் மளமளவென்று உடைவது. இளம்புல்லோடு சேர்ந்தால் அம்மோனியா மேல் அம்மோனியா. தேங்காய்ப் பிண்ணாக்கு மெதுவாக உடையும். ஒரு பகுதி உடையாமலே கீழே இறங்கிக் கிடேரிக்கு நேராகக் கிடைக்கும். எண்ணெயும் கொஞ்சம் இருப்பதால் சக்தியும் சேரும். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் மழைக்காலத்தில் கடலையை விட்டுத் தேங்காய்க்கு மாறினால் லாபம்தான். காறல் வாடை வருவதற்குள் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

செக்கிலோ எக்ஸ்பெல்லர் இயந்திரத்திலோ ஆட்டியதில் 6, 8 சதவீத எண்ணெய் மிஞ்சும். கரைப்பான் கொண்டு எண்ணெயை முழுவதும் எடுத்ததில் எண்ணெய் இருக்காது, புரதம் சற்றுக் கூடும். இரண்டும் தீவனம்தான், இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே அடர்தீவனம் கலக்க முடியுமா?

முடியும். நூறு கிலோவுக்கு இடித்த மக்காச்சோளம் 35, கடலைப் பிண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 20, உளுந்து அல்லது துவரம்பொட்டு 17, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. புரதம் 19 சதவீதத்தை ஒட்டி வரும். சோளத்தை மாவாக அரைக்காமல் நொய்யாக இடியுங்கள். கடைத் தீவனம் வாங்குவதானால் மூட்டையின் சீட்டில் கச்சாப் புரதம் 20-ஆ 22-ஆ என்று பார்த்து வாங்குங்கள். மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. நிறத்தையும் வெல்லப்பாகு மணத்தையும் பார்த்து வாங்குபவர்களை எந்தத் தரமும் காப்பாற்றாது.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடலாமா?

கூடாது. வெயில் பூஞ்சணத்தை உலர்த்தும். அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் நஞ்சை நீக்காது. 1960-இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப் பார்த்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் முடிந்தது. அந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான். கிடேரி உடனே சாகாது. ஈரல் கெட்டு, தீனி குறைந்து, வளர்ச்சி நின்று, ஏன் என்று தெரியாமலே ஒரு வருடம் போகும்.

மூட்டையைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குங்கள். ஐப்பசி மழையில் ஒரு மாதத்துக்குமேல் இருப்பு வேண்டாம். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கும்போது அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

பிண்ணாக்கு கட்டுப்படியாகவில்லை. அகத்தி, வேலிமசால் போதுமா?

சின்னக் கன்று தவிர மற்றவற்றுக்குப் பெரும்பகுதி போதும். நான் முதலில் பரிந்துரைப்பது வேலிமசால். ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நிற்கும். முதல் வெட்டு மூன்று மாதத்தில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. காய்ந்த எடையில் புரதம் 19, 20 சதவீதம். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு என்று கலந்து நறுக்கிப் போட்டால், கிடேரி இலையைப் பொறுக்கித் தண்டை ஒதுக்கும் வேலையும் நடக்காது. விதை தோல் கெட்டியானது. கொதித்து இறக்கிய சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்துவிட்டு, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். அப்படியே விதைத்துவிட்டு "முளைக்கவில்லை" என்று விதைக்காரரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

குதிரைமசால் புரதத்தில் இன்னும் மேலானது, ஆனால் தண்ணீர் கேட்கும். காலைப் பனியோடு வெட்டிப் பட்டினி வயிற்றில் போட்டால் வயிறு உப்பும். முதலில் வைக்கோல், பிறகு குதிரைமசால். மானாவாரி நிலத்துக்கு முயல்மசால். அகத்தியை வரப்பில் நடுங்கள். ஆள் உயரத்துக்கு வந்தபின் வெட்டத் தொடங்கினால் மரம் தாங்கும். கிளைரிசிடியா மரத்தழையின் வாடை சில கிடேரிகளுக்குப் பிடிக்காது. வெட்டி ஒரு நாள் வாடவிட்டு, உப்புத் தண்ணீர் தெளித்து, புல்லோடு கலந்து பழக்குங்கள்.

சூபாபுல் என்கிற சவுண்டலைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் மைமோசின் என்ற பொருள் உண்டு. அளவு மீறினால் மயிர் உதிரும், கழுத்தில் தைராய்டு வீங்கும். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். இதில் ஒரு சுவையான கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் சவுண்டல் தின்ற மாடுகள் நோய்ப்பட்டன. ஹவாய்த் தீவில் அதையே தின்ற ஆடுகள் நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர் அந்த ஆடுகளின் பெருவயிற்றில் இந்த நஞ்சை உடைக்கும் நுண்ணுயிரி இருப்பதைக் காட்டினார். அதற்குப் பின்னால் அவர் பெயரையே வைத்தார்கள்.

கொங்குநாட்டின் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை நினைத்துப் பாருங்கள். கீழே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. புல் காயும் கோடையில் வேலங்காய் உதிரும். மாடு அதைப் பொறுக்கித் தின்னும். புல் இறங்கும்போது புரதம் மரத்திலிருந்து வர வேண்டும் என்பதை அந்தக் காட்டை அமைத்தவர்கள் எந்தச் சதவீதமும் தெரியாமலே செய்து வைத்திருந்தார்கள்.

அசோலா போடுகிறேன். பிண்ணாக்கை நிறுத்தலாமா?

நிறுத்த முடியாது. நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவின் புரதம் 20, 25 சதவீதம் என்பது காய்ந்த எடைக்கு. பச்சை அசோலாவில் ஆறேழு சதவீதம்தான் காய்ந்த பொருள். ஒரு கிலோ அசோலாவை அள்ளிக் கழுவிப் போட்டால் கிடைப்பது சுமார் 15 கிராம் புரதம். 35 கிராம் கடலைப் பிண்ணாக்கு அதே வேலையைச் செய்துவிடும். தொட்டி சும்மா கிடந்தால் வளருங்கள். அதற்காகத் தார்ப்பாய் வாங்கிக் குழி வெட்டுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

யூரியா கலந்தால் மலிவாகப் புரதம் கிடைக்குமாமே?

பச்சைப்புல் தின்னும் கிடேரிக்கு வேண்டவே வேண்டாம். யூரியா தருவது அம்மோனியா. புல்லே அதைத் தருகிறது. வைக்கோலை யூரியா கரைசலில் பதப்படுத்துவது பஞ்சகாலத்துக்கு ஏற்ற முறை. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, மூன்று வாரம் மூடிவைப்பது. அதையும் ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் போடக் கூடாது. தண்ணீரில் கரைத்து வைப்பது கொலைக்குச் சமம். அரை மணி நேரத்தில் நடுக்கம், நுரை, வயிறு உப்பல். அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரை அழையுங்கள்.

இன்னொரு யூரியாவும் உண்டு: வயலில் போடுவது. உரம் போட்ட புல்லை மூன்று வாரத்துக்குள் வெட்டாதீர்கள். வறட்சியில் வாடி நின்ற புல்லில் நைட்ரேட் நஞ்சாகச் சேர்ந்திருக்கும்.

பைபாஸ் புரதம் வாங்கலாமா?

பெருவயிற்றில் உடையாதபடி பதப்படுத்திய பிண்ணாக்கு அது. நிறையப் பால் கறக்கும் மாட்டுக்கும், வேகமாக வளரும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும் பயன் தெரியும். ஒரு வயது தாண்டிய கிடேரிக்கு அந்த விலை தேவையில்லை.

பருத்திக்கொட்டை?

நாலு மாதத்துக்குமேல், அளவோடு. அதில் உள்ள கோசிபால் என்ற நஞ்சை வளர்ந்த பெருவயிறு சமாளிக்கும். இளங்கன்றின் வயிறு சமாளிக்காது. முழுக் கொட்டையில் எண்ணெய் அதிகம் என்பதால் ஒரு வயதுக் கிடேரிக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துக் கொடுப்பதா, அப்படியே போடுவதா?

கட்டியை உடைக்க ஊறவைத்தால் சரி. இரண்டு மணி நேரம் போதும். இரவெல்லாம் ஊறிய பிண்ணாக்கு சித்திரை வெயிலில் புளித்து நுரைக்கும். அதைக் கழனித் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால், முதலில் வரும் கிடேரி தெளிந்த நீரைக் குடிக்கும், கடைசியில் வருவதற்கு வண்டல் முழுதும் கிடைக்கும். பிசிறி, புல்லின்மேல் தூவுங்கள். தண்ணீரைத் தனியாக வையுங்கள்.

புரதம் கூட்டினால் சீக்கிரம் பருவத்துக்கு வருமா?

பருவம் வயதைவிட எடையைப் பார்த்துத்தான் வருகிறது. வளர்ந்த மாட்டின் எடையில் 55, 60 சதவீதம் எட்டியபின் சினை ஊசி போடுவது வழக்கம். ஜெர்சி கலப்பினத்துக்கு 210 முதல் 230 கிலோ, எச்.எஃப். கலப்பினத்துக்கு 250 கிலோவை ஒட்டி. நாளுக்கு 400, 500 கிராம் ஏறினால் 15 முதல் 18 மாதத்தில் அதை எட்டலாம். சினைக்காலம் 280 நாள். ஆக 24 முதல் 28 மாதத்தில் முதல் கன்று.

ஆனால் சீக்கிரம் ஆகட்டும் என்று மாவுச்சத்தைக் கொட்டக் கூடாது. மூன்று மாதம் முதல் ஒன்பது, பத்து மாதம் வரை மடியின் பால் திசு வளரும் காலம். அப்போது புரதம் குறைவாக, மாவு அதிகமாகப் போனால் கிடேரி குட்டையாகத் திரளும். மடியில் பால் திசுவுக்குப் பதில் கொழுப்பு உட்காரும். வாலடியில் கொழுப்பு மடிப்பு விழுந்த பத்து மாதக் கிடேரியைப் பார்த்து யாராவது பாராட்டினால் மகிழாதீர்கள். முதுகு உயரட்டும், நீளட்டும்.

எல்லாம் சரியாகப் போடுகிறேன், உடம்பு ஏறவில்லை.

கடைசியாகக் குடற்புழு நீக்கியது எப்போது? ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான முறை. வாய்க்கால், ஏரிக்கரைப் புல் அறுத்துப் போடுபவர்கள் ஈரல் தட்டைப்புழுவையும் நினைவில் வைக்க வேண்டும். சாணத்தைச் சோதித்து மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். அடுத்து தாது உப்பு. நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சாலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். நாளுக்கு 25, 30 கிராம் தாது உப்பு இல்லாமல் பிண்ணாக்கு மட்டும் எலும்பை வளர்க்காது.

காங்கேயம் கிடேரிக்கும் இதே அளவா?

தேவையில்லை. மெதுவாக வளரும் இனம். பருவமும் தாமதமாகத்தான் வரும். மேய்ச்சலோடு அரைக் கிலோ அடர்தீவனமும், கோடையில் கொஞ்சம் பிண்ணாக்கும் போதும். கலப்பினத்தின் அளவை அதற்குப் போட்டால் கொழுக்கும்.

சினைபிடித்த பிறகு?

முதல் ஆறேழு மாதம் பழைய அளவே போதும். அவளும் வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்பதால் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு மாதத்தில்தான் வயிற்றுக் கன்று பெரும்பகுதி வளர்கிறது. அப்போது அடர்தீவனத்தை ஒன்றரை, இரண்டு கிலோ வரை ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். பத்து நாளில், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டி வாருங்கள். கடலையிலிருந்து சோயாவுக்கு மாறினாலும், கோ 4-இலிருந்து மழைப்புல்லுக்கு மாறினாலும் இதே பத்து நாள்தான். பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளுக்கும் புது உணவு பழக அவ்வளவு நாள் பிடிக்கிறது.